வங்காளிகள் வீட்டில் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள்? மீனும் ரசகுல்லாவும் மட்டும்தானா?

ஹூக்ளிக்கரை:

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அங்கே மூணு வேளையும் மீன்தானே? சாப்பாட்டுக்கு என்ன பண்றே?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வந்த புதிதில் வடகொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவை மாஷிமா என்று கூப்பிடுவேன். மாஷி என்றால் அம்மாவின் அக்கா தங்கை, நம் பெரியம்மா, சித்தி மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். தட்டில் புழுங்கலரிசிச் சோறு, ஓரத்தில் உப்பு, ஒரு பச்சை மிளகாய், ஒரு துண்டு எலுமிச்சை. பக்கத்துக் கிண்ணத்தில் வெளுப்பாக ஒரு காய்க் கூட்டு. நான் அதைக் கொஞ்சம் சோற்றில் விட்டுக்கொண்டு, கூடவே பருப்பையும் ஊற்றப் போனேன். மாஷிமா தடுத்துவிட்டார். "முதலில் கசப்பு. அது முடிந்த பிறகுதான் டால்."

அந்த வெளுத்த கூட்டுதான் ஷுக்தோ. பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டு, கடைசியில் பால் விட்டு இறக்குவது. அது இல்லாத நாளில் பாகற்காய் வறுவலோ, பங்குனி, சித்திரை மாதங்களில் கொழுந்து வேப்பிலையும் கத்தரிக்காயும் சேர்த்து வறுத்ததோ இருக்கும். அதற்கப்புறம் கீரை. அப்புறம் டால், அதோடு கடித்துக்கொள்ள ஒரு வறுவல். அப்புறம் ஒரு காய். அதற்கும் பிறகுதான் மீன் குழம்பு. கடைசியில் தக்காளியும் பேரீச்சையும் போட்ட இனிப்புச் சட்னி. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் சோறு ஒதுக்கி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தினமும் இத்தனையும் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. மூன்று வகைதான் சமைத்திருந்தாலும் அந்த வரிசை மட்டும் மாறாது.

எனக்கு அன்று பெரிதாகப் பட்டது வேறொன்று. அந்தத் தட்டில் மீன் ஒரே ஒரு துண்டு. மற்றதெல்லாம் காயும் கீரையும் பருப்பும். மீன் இல்லாத வீடு இங்கே அரிதுதான், ஆனால் சோற்றை இறக்குவது காய்தான். இதைத்தான் நம் ஊரில் யாரும் நம்ப மறுக்கிறார்கள். வங்காளத்தில் இருந்தவர்கள், இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

சேலத்துக்காரி:

நீங்கள் ஆசையாக எழுதியிருப்பதால் என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். காசி, கயா போய்விட்டு வரும் வழியில் கொல்கத்தாவில் மூன்று நாள் தங்கினோம். கடுகு எண்ணெய் வாசனை எனக்குத் தலைவலியே கொடுத்துவிட்டது. அப்புறம் பருப்பில் சர்க்கரை, காயில் சர்க்கரை. மூன்றாம் நாள் லேக் மார்க்கெட் பக்கம் இட்லி கிடைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மூன்று நாளில் ஒரு சமையலை எடை போடக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அந்த எண்ணெயை எப்படித்தான் பழக்கிக்கொண்டீர்கள்?

ஹூக்ளிக்கரை:

அம்மா, எண்ணெய் காய்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கடுகு எண்ணெயை நன்றாகப் புகை வரும்வரை காயவிட்டு, அடுப்பைக் குறைத்து, அதற்கப்புறம்தான் தாளிக்க வேண்டும். அவசரத்தில் காயாத எண்ணெயில் போட்டால் மூக்கைப் பிடிக்கத்தான் செய்யும். பச்சையாகவே ஊற்றிக்கொள்ளும் இடங்களும் உண்டு. உருளைக்கிழங்கு மசியலில், பொரி கலக்கும்போது, ஆவியில் வேகவைக்கிற மீனில். அங்கே அந்தக் காரம் வேண்டுமென்றே விடுவது. எனக்கு முதலில் பிடித்துப்போனது பொரியில்தான். நல்லெண்ணெய் நமக்கு மணக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அதுவே கனமாக இருக்கிறது. அது மாதிரிதான்.

சர்க்கரை விஷயத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஜாதவ்பூர் மருமகள்:

சேலத்து அக்கா, சர்க்கரைக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். கல்யாணமாகி வந்த வீடு கிழக்கு வங்காளத்து பாரிசாலிலிருந்து பிரிவினையின்போது வந்த குடும்பம். இங்கே அவர்களை பாங்கால் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக மேற்கிலேயே இருப்பவர்கள் கோட்டி. சமையலில் சர்க்கரை தாராளமாக விழுவது கோட்டி வீடுகளில். எங்கள் வீட்டில் மிளகாய்தான் தூக்கல், கருவாடும் உண்டு. என் மாமியாருக்கு முன்னால் "பருப்பில் சர்க்கரை" என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று கால்பந்து வரை இந்தப் பிரிவு போகிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பயந்துகொண்டுதான் சமையலறைக்குள் போனேன். உள்ளே தரையில் அரிவாள்மணை. இவர்கள் அதை போட்டி என்கிறார்கள். மூலையில் அம்மி. அதற்கு ஷில்-நோடா என்று பெயர். வெயிலில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. உளுந்தை அரைத்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைக்கிற அந்த வடகத்துக்குப் பெயர் போரி. (மேதினிபூர்ப் பக்கம் கசகசாவைப் பரப்பி அதன்மேல் நகை மாதிரி கோலமாகப் பிழிவார்கள், கொஹோனா போரி. பார்த்தால் பொரிக்க மனசு வராது.) மாமியார் பேசியது பாதி புரியவில்லை. ஆனால் வாழைப்பூவை அவர் ஆய்ந்த கை எங்கள் பாட்டியின் கைதான். நரம்பை எடுக்கிறார், எண்ணெய் தடவிக்கொள்கிறார், எல்லாம் அதேபடி.

தோலைக்கூட இவர்கள் விடுவதில்லை. சுரைக்காய்த் தோலை மெல்லிசாக அரிந்து கருஞ்சீரகம் தாளித்து வறுப்பது கோஷா பாஜா. பெரிய மீன் வாங்கினால் தலை பாசிப்பருப்போடு போகும், குடல் கொழுப்பு மாவில் கலந்து பக்கோடாவாகும். எதையாவது குப்பையில் போடுவதற்கு முன்னால் மாமியார் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பார். அகதியாக வந்து காலனியில் குடிசை போட்டு வாழ்ந்த வீட்டுப் பழக்கம் அது.

டெல்டா மீனவன் பேரன்:

இலிஷ் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது நமக்கு அந்நிய மீன் இல்லை. தமிழில் அதற்கு உல்லம் என்று பெயர். கோதாவரியில் புலசா என்று தெலுங்குக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவதும் இதே மீனைத்தான்.

கடலில் வளர்ந்து, முட்டை போட ஆற்றுக்குள் எதிர்நீச்சல் போட்டு ஏறும் ஜாதி இது. காவிரியிலும் ஏறியது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றில் வருகிற தண்ணீரின் அளவும் காலமும் மாறின. உல்லம் வரத்து விழுந்தது. என் தாத்தா கொள்ளிடக் கரையில் உல்லம் பிடித்த கதையைச் சொல்லுவார். நான் ஆற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கங்கையிலும் இதே கதைதான். ஃபராக்கா தடுப்பணை 1975இல் இயங்க ஆரம்பிக்கும்வரை இந்த மீன் அலகாபாத்தையும் தாண்டிப் போயிருக்கிறது. இப்போது ஃபராக்காவுக்குக் கீழேதான்.

அதனால் வங்காளி அந்த மீனுக்காக இப்படி உருகுகிறான் என்று யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். நாம் இழந்துவிட்ட ஒன்றை அவர்கள் இன்னும் தட்டில் வைத்திருக்கிறார்கள். அதையாவது காப்பாற்ற வேண்டும். 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சைப் பிடிக்கக் கூடாது என்று மேற்கு வங்கத்தில் விதி இருக்கிறது. வங்கதேசத்தில் முட்டையிடும் காலமான அக்டோபரில் 22 நாள் பிடிக்கவே விடுவதில்லை. வாங்குகிறவர்களும் குஞ்சு மீனைத் தொடாமல் இருக்க வேண்டும்.

ஹூக்ளிக்கரை:

காவிரி விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் ஹூக்ளிக் கரையில் 17 வருடமாக மழைக்காலம்தோறும் வாங்கும் மீன், எங்கள் ஊர் ஆற்றிலேயே இருந்திருக்கிறது.

துர்காப்பூர் தமிழன்:

கொல்கத்தாவை மட்டும் வைத்து வங்காளச் சாப்பாட்டை முடித்துவிடாதீர்கள். நான் இருப்பது மேற்கே, ராட் பகுதி. செம்மண், வறண்ட காற்று, சித்திரை வெயில் சேலத்தைத் தோற்கடிக்கும். பீர்பூம், பாங்குரா, புருலியா, பர்த்வான் இதெல்லாம் கசகசா நாடு. நாம் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் அரைத்துப் போடுகிற அதே கசகசா. இங்கே அதுதான் கறி. ஊறவைத்து அம்மியில் வெண்ணெயாக அரைத்து, உருளைக்கிழங்கோடு சேர்த்தால் ஆலு போஸ்தோ. பீர்க்கங்காயோடு சேர்த்தால் ஜிங்கே போஸ்தோ. ஒன்றுமே இல்லாத நாளில் பச்சையாக அரைத்த விழுதில் வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு எண்ணெய் பிசைந்து சோற்றோடு. கூடவே சோம்பும் இஞ்சியும் போட்ட உளுத்தம்பருப்பு டால், இங்கே பியூலி டால். உளுந்தில் குழம்பு மாதிரி ஒன்று செய்யலாம் என்று இங்கே வந்துதான் கற்றேன். கொழகொழவென்று இருக்கும், முதல் நாள் பிடிக்காது. கோடையில் வேறெதுவும் தொண்டையில் இறங்காத மதியம் ஒன்றில் சாப்பிட்டுப் பாருங்கள், புரியும். உடம்பு குளிர்ந்து, அரை மணியில் தூக்கம் வந்துவிடும்.

வருத்தம் என்னவென்றால், இது ஏழைச் சாப்பாடாக இருந்து இப்போது பணக்காரச் சாப்பாடாகிவிட்டது. கசகசா அபினிச் செடியின் விதை. அந்தச் செடியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் சில மாவட்டங்களில் மட்டும்தான் உரிமம் வாங்கிப் பயிரிடலாம். மீதித் தேவைக்குத் துருக்கியிலிருந்து வர வேண்டும். அதிகம் சாப்பிடுகிற வங்காளத்தில் பயிரிட அனுமதி இல்லை. 2023இல் மம்தா பானர்ஜி சட்டமன்றத்திலேயே இதைப் பேசினார். என் பக்கத்து வீட்டில் வாரம் நாலு நாள் போஸ்தோ மணக்கும். இப்போது மருமகன் வந்தால்தான்.

நெல்லைச் சீமை:

ஒரு சின்னச் சந்தேகம். நம் பழைய சோறு மாதிரி அங்கே ஏதாவது உண்டா?

ஹூக்ளிக்கரை:

உண்டு. பாந்தா பாத். இரவு மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயம், பச்சை மிளகாய், ஏதாவது ஒரு வறுவலோடு. வயல்வேலைக்குப் போகிறவர்களின் காலை உணவு. ஆவணி, புரட்டாசி சேருகிற இடத்தில் விஸ்வகர்மா பூஜையை ஒட்டி அரந்தன் என்று ஒரு நாள் வரும். அன்று அடுப்பு மூட்டக் கூடாது. முந்தின இரவே எல்லாம் சமைத்து, மறுநாள் பாந்தா பாத்தோடு சாப்பிடுவார்கள். அன்று பணக்கார வீட்டிலும் பழைய சோறுதான்.

கஞ்சியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோறு வடித்த கஞ்சிக்கு இங்கே ஃபேன் என்று பெயர். 1943 பஞ்சத்தில் கிராமங்களிலிருந்து கொல்கத்தாவுக்கு நடந்து வந்தவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரியும். வீட்டு வாசல்களில் நின்று "ஃபேன் தாவ்", கஞ்சித் தண்ணீர் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் வரை செத்துப்போனதாகக் கணக்கு. மாஷிமா அப்போது சின்னப் பெண். அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். கடைசிவரை அவர் வீட்டில் வடித்த கஞ்சி சாக்கடைக்குப் போனதில்லை. மாட்டுக்காவது போகும்.

சைவச் சாப்பாட்டு ரசிகன்:

மிக நல்ல இழை. எனக்கு வங்காளத்துச் சைவச் சமையல்மேல் பெரிய மரியாதை உண்டு. வாழைத்தண்டு, வாழைப்பூ, பலா மூசு (அதை மரத்து ஆடு என்கிறார்களாமே), கடலைப்பருப்பு அரைத்து வேகவைத்துத் துண்டு போட்டுச் செய்யும் தோக்கார் டால்னா. வெங்காயம், பூண்டு இல்லாமல் இவ்வளவு ருசி. இதை அவர்களின் ஆன்மிக மரபு என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையா?

ஜாதவ்பூர் மருமகள்:

சார், மன்னிக்கவும், இதில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

அந்தச் சமையலில் பெரும்பகுதி விதவைகளின் கையில் வளர்ந்தது. மேல்ஜாதி வீடுகளில் பத்து, பன்னிரண்டு வயதில் தாலி அறுத்த பெண்களுக்கு மீன் இல்லை, கறி இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை, மசூர் பருப்புகூட இல்லை. ஒருவேளைதான் சோறு, அதுவும் பச்சரிசி. ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம். 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. ஆனால் சமையலறைக்குள் அந்தச் சட்டம் வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

என் மாமியாரின் பெரியத்தை அப்படி ஒருவர். என் கணவர் அவரைப் பார்த்திருக்கிறார். வீட்டில் 14 பேருக்கு மீன் சமைப்பார். தான் தொடமாட்டார். அதன் பிறகு குளித்துவிட்டு மொட்டைமாடி அடுப்பில், மிச்சமான வாழைத்தண்டும் பூசணித் தோலும் ஒரு சிட்டிகைக் கருஞ்சீரகமும் வைத்துத் தனக்குச் சமைத்துக்கொள்வார். வீட்டுப் பிள்ளைகள் மீனை விட்டுவிட்டு அவர் தட்டைச் சுற்றி உட்காருவார்களாம். அவ்வளவு ருசி. இன்றைக்கு உணவகங்களில் அதே பண்டங்களுக்குப் பெரிய விலை. அவர் செய்த கொண்டோ என்ற வாழைப்பூக் கறியின் பக்குவம் என் மாமியார் வழியாக எனக்கு வந்திருக்கிறது. நானும் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொள்கிறேன். ருசியைப் பாராட்டுங்கள். அவர்களுக்கு நடந்ததற்கு ஆன்மிகம் என்று பெயர் வைக்காதீர்கள், அதுதான் என் வேண்டுகோள்.

சைவச் சாப்பாட்டு ரசிகன்:

எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன், அம்மா. என் சொந்த அத்தைக்கும் வெள்ளைப் புடவையும் தனித் தட்டும்தான் இருந்தன. அவருக்கு வெங்காயம் ரொம்பப் பிடிக்கும் என்று அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதைப் படித்ததும் அந்த நினைவு வந்தது.

நெல்லைச் சீமை:

அடுத்த மாதம் அலுவலக வேலையாக நான்கு நாள் கொல்கத்தா வருகிறேன். இந்த வீட்டுச் சாப்பாடு வெளியே எங்கே கிடைக்கும்?

ஹூக்ளிக்கரை:

பைஸ் ஹோட்டல் என்று கேளுங்கள் தம்பி. ஒரு காலத்தில் சில பைசாவுக்குச் சாப்பாடு போட்ட இடங்கள், அதனால் அந்தப் பெயர். கல்லூரித் தெரு, ஜான்பஜார் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல், சித்தேஸ்வரி ஆஸ்ரம் இரண்டும் பேர் பெற்றவை. அன்றைய மீன் வகை பலகையில் எழுதியிருக்கும். வாழை இலைக்குத் தனிக் காசு, எலுமிச்சைக்குத் தனிக் காசு. மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள். முதலில் கசப்பு கேளுங்கள், பரிமாறுகிறவர் முகம் மலர்ந்துவிடும்.

சேலத்துக்காரி:

நான் மறுபடி வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு அந்த ஷுக்தோ மட்டும் மனதில் நிற்கிறது. பாகற்காயில் பால் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. செய்முறை தருவீர்களா, மருமகளே? இங்கே கிடைப்பதை வைத்துச் செய்கிற மாதிரி.

ஜாதவ்பூர் மருமகள்:

சந்தோஷமாகத் தருகிறேன் அக்கா. நாலு பேருக்கு.

ஒரு சின்னப் பாகற்காய், ஒரு வாழைக்காய், ஒரு சர்க்கரைவள்ளி, இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய். எல்லாம் விரல் நீளத்துக்கு, ஒரே கனத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். கூட ஒரு கைப்பிடி வெறும் உளுந்து வடகம். நம் வெங்காய வடகம் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

முதலில் வடகத்தைப் பொரித்து எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் பாகற்காயை மட்டும் தனியாக வறுத்து எடுங்கள். கடுகு எண்ணெய் வேண்டாம் என்றால் கடலை எண்ணெய் போதும், ருசி கொஞ்சம் மாறும். பிறகு பஞ்ச போரன் தாளிக்க வேண்டும்: சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், ஐந்தாவதாக ராதுனி. ராதுனி ஓமம் போலச் சின்ன விதை, மணம் வேறு. கிடைக்காவிட்டால் கடுகு போடுங்கள், பல வீடுகளில் அப்படித்தான். ஓமம் போடாதீர்கள். ஒரு பிரிஞ்சி இலை, ஒரு ஸ்பூன் இஞ்சி விழுது. அப்புறம் கெட்டியான காய் முதலில், கத்தரிக்காய் கடைசியில். உப்பு, தண்ணீர் விட்டு மூடி வேகவிடுங்கள். மஞ்சள் வேண்டாம், மிளகாயும் வேண்டாம்.

வெந்ததும் கடுகு அரைத்த விழுது ஒரு ஸ்பூன், வறுத்த பாகற்காய், வடகம். ஒரு கொதி. அடுப்பைக் குறைத்து அரை டம்ளர் பால், ஒரு சிட்டிகைச் சர்க்கரை (எங்கள் வீட்டிலும் இதற்கு மட்டும் உண்டு). இறக்கி அரை ஸ்பூன் நெய். குழம்பு மாதிரி ஓடக் கூடாது, கூட்டு மாதிரி இறுகவும் கூடாது.

மதியம் மட்டும் செய்யுங்கள். கசப்பை இரவில் சாப்பிட மாட்டார்கள்.

துர்காப்பூர் தமிழன்:

கடுகு விழுது அரைக்கும்போது ஒரு பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரையுங்கள். இல்லாவிட்டால் கசந்துவிடும். பாகற்காய்க் கசப்பு வேறு, கடுகுக் கசப்பு வேறு.

சேலத்துக்காரி:

இன்று மதியம் செய்தேன். ராதுனி கிடைக்கவில்லை, கடுகுதான் போட்டேன். துர்காப்பூர் தம்பி சொன்ன மாதிரி ஒரு மிளகாயும் சேர்த்தேன். பால் ஊற்றும்போது திரிந்துவிடுமோ என்று பயந்தேன், திரியவில்லை.

வீட்டுக்காரர் முதல் கவளத்தில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை சோறு கேட்டு, அதையே போட்டுக்கொண்டார். முருங்கைக்காய் அந்தப் பாலில் ஊறி வேறு ருசியாகிவிட்டது. கசப்பு நாக்கில் லேசாக நிற்கிறது, அதற்குப் பிறகு சாப்பிட்ட சாதாரணப் பாசிப்பருப்பு அவ்வளவு இனிப்பாக இருந்தது! பருப்பில் நான் சர்க்கரையே போடவில்லை.

என்னிடம் ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது. இரவு சாப்பிடக் கூடாது என்கிறீர்கள். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஜாதவ்பூர் மருமகள்:

குளிர்பெட்டியில் வையுங்கள் அக்கா, நாளை மதியம் இன்னும் நன்றாக இருக்கும். சூடு பண்ணும்போது தண்ணீர் விடாதீர்கள், ஒரு கரண்டி பால் விடுங்கள்.